"நான் யாருன்னு தெரியுதுங்களா?" - டிமென்ஷியாவுக்கு மருந்தில்லாத பராமரிப்புன்னா என்ன

எங்க அப்பாவுக்கு டிமென்ஷியான்னு தெரிஞ்சதுக்கப்புறம் வீட்டுக்கு வந்த சொந்தக்காரங்க எல்லாரும் முதல்ல கேட்டது ஒரே கேள்விதாங்க. செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்து அவர் முன்னாடி குனிஞ்சு நின்னு சத்தமா, "மாமா, நான் யாருன்னு தெரியுதுங்களா? சொல்லுங்க பாப்போம்"னு கேப்பாங்க. பாசத்துலதான் கேக்கறாங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அந்த நேரத்துல அப்பா மூஞ்சியைப் பாக்கணும். சிரிச்சு சமாளிப்பாரு, "தெரியாம என்ன, வா கண்ணு, உக்காரு"ம்பாரு, அவங்க விடாம "அப்ப பேரைச் சொல்லுங்க"ன்னு கேட்டதும் வேட்டி நுனியைப் பிடிச்சு முறுக்க ஆரம்பிச்சிடுவாரு. அவங்க டீ குடிச்சிட்டு கிளம்பிப் போயிடுவாங்க, அதுக்கப்புறம் சாயங்காலம் பூரா வீடு ரெண்டுபடும், சாப்பாடு வேண்டாம், கதவைத் திற, என் பணத்தை எவனோ எடுத்துட்டான், இப்படியே ராத்திரி பத்து மணி வரைக்கும். அந்தக் கேள்விக்கும் இந்த சண்டைக்கும் தொடர்பு இருக்குன்னு எங்களுக்கு ரொம்ப நாள் புரியவே இல்ல.

அது புரிஞ்சதுக்கப்புறம் நான் தேடித்தேடி படிச்சதையும் வீட்ல செஞ்சு பாத்ததையும்தான் இங்க எழுதறேன். இதைப் பத்தி ஒண்ணுமே தெரியாதவங்க, நேத்துதான் டாக்டர் "டிமென்ஷியா"ன்னு சொல்லி சீட்டு எழுதிக் குடுத்து அனுப்பினவங்க, அவங்களுக்காக எழுதறேன்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீத்துடலாம். மருந்தில்லாத பராமரிப்புன்னு சொன்னதும் நிறைய பேரு நாட்டு மருந்து, வல்லாரை, ஏதோ எண்ணெய், ஏதோ பவுடர்னு நினைச்சிடறாங்க. அது இல்லைங்க இது. பிரிட்டன்ல டாக்டர்களுக்கு வழிகாட்டுதல் எழுதற நைஸ்ங்கற அமைப்பு 2018ல போட்ட டிமென்ஷியா வழிகாட்டுதல்ல, ஜின்செங், வைட்டமின் ஈ, மூலிகைக் கலவை இதெல்லாம் டிமென்ஷியாவுக்கு சிகிச்சையா குடுக்காதீங்கன்னே எழுதியிருக்கு. நான் சொல்றது நாம பேசற விதம், வீட்டை வச்சிருக்கற விதம், அவங்க பகல் பொழுது எப்படிப் போகுது, யாரு கூட இருக்காங்க, உடம்புல வலி இருக்கா, காது கேக்குதா, இந்த மாதிரி விஷயங்கள். இதனால நோய் குணமாகாது. ஆனா நோயோட வர்ற பயம், கோபம், அலைச்சல், சந்தேகம், தூக்கமில்லாம நடக்கறது, இதெல்லாம் பல பேருக்கு குறையும், சில நாள் ஒண்ணுமே இல்லாமகூட போகலாம்.

டிமென்ஷியாங்கறது ஒரே ஒரு நோயோட பேரு இல்ல. ஞாபகம், பேச்சு, திட்டம் போட்டு ஒரு வேலையைச் செய்யறது, இடம் தெரியறது இதெல்லாம் மெல்ல மெல்ல குறைஞ்சு தினசரி வாழ்க்கையே நடத்த முடியாம போற நிலைமைக்குப் பேரு அது. அதுக்குக் காரணமா இருக்கற நோய்கள்ல அல்சைமர் முதல் இடம், அடுத்து மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைப்பால வர்றது, இன்னும் சில வகைகளும் இருக்கு. நம்ம நாட்டுல 60 வயசுக்கு மேல இருக்கறவங்கள்ல 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு இருக்கும்னு 2023ல வந்த கணக்கு சொல்லுது. கிட்டத்தட்ட பதினாலு பேருக்கு ஒருத்தர். நம்ம ஊர்ல "வயசாச்சு, புத்தி தடுமாறுது"ம்பாங்க, யாழ்ப்பாணப் பக்கம் "அறளை பேர்ந்திட்டுது"ன்னு சொல்வாங்க, ரெண்டுலயுமே வயசானா இது சகஜம்ங்கற அர்த்தம் ஒளிஞ்சிருக்கு. சகஜம் இல்லைங்க. மூளை செல் சாகற நோய்களால வர்றது அது.

சரி, மருந்து இருக்கும்போது எதுக்கு இதெல்லாம்னு கேக்கலாம். ஞாபகத்துக்குன்னு குடுக்கற மாத்திரைகள் இருக்கு, சிலருக்கு கொஞ்ச நாள் தாங்கலா இருக்கும், டாக்டர் எழுதியிருந்தா குடுங்க, நீங்களா நிறுத்தாதீங்க. பிரச்சனை எங்க வருதுன்னா கத்தறாங்க, அடிக்கறாங்க, தூங்க விடமாட்டேங்கறாங்கன்னு போய் நின்னா எழுதிக் குடுக்கற மாத்திரைகள்ல. மனநோய்க்குக் குடுக்கற மருந்து வகையை டிமென்ஷியா இருக்கற வயசானவங்களுக்குக் குடுத்தா மரண ஆபத்து கூடுதுன்னு அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டுத் துறை எஃப்டிஏ 2005ல கடுமையான எச்சரிக்கையே போட்டுச்சு, 2008ல பழைய வகை மருந்துகளையும் அதுல சேத்துச்சு. அதனாலதான் இன்னிக்கு உலகம் பூரா வழிகாட்டுதல்கள் மருந்தில்லாத வழியை முதல்ல பாருங்க, அதுவும் பத்தாம அவங்களுக்கோ கூட இருக்கறவங்களுக்கோ ஆபத்துன்னு வந்தா மட்டும் குறைஞ்ச அளவுல கொஞ்ச நாளைக்கு மருந்துக்குப் போங்கன்னு சொல்லுது. எங்க வீட்ல நடந்தது தலைகீழ். ஒரு கிளினிக்ல அப்பாவுக்கு அந்த மாதிரி ஒரு மாத்திரை எழுதிக் குடுத்தாங்க, ஒரு வார்த்தை விளக்கம் சொல்லல. ரெண்டு நாள் பகல் பூரா தூங்கினாரு, மூணாவது நாள் பாத்ரூம் வாசல்ல விழுந்து நெத்தியில ஆறு தையல். அன்னிக்குத்தான் வேற வழி என்னன்னு நான் படிக்க உக்காந்தேன்.

படிக்கப் படிக்க ஒரே ஒரு விஷயம்தான் திரும்பத் திரும்ப வந்துச்சு. வார்த்தை போயிட்ட மனுஷனுக்கு நடத்தைதான் பேச்சு. கத்தறது, அடிக்கறது, நடந்துகிட்டே இருக்கறது எல்லாமே எதையோ சொல்றது, நமக்குத்தான் அந்த பாஷை தெரியல. ஜிஸ்கா கோஹன்-மான்ஸ்ஃபீல்டுங்கற ஆராய்ச்சியாளர் இதை நிறைவேறாத தேவைன்னு சொல்றாங்க, வலி, பசி, தனிமை, சலிப்பு, பயம், அவசரமா ஒண்ணுக்கு வருது, இப்படி ஏதோ ஒரு தேவை உள்ள இருக்கும், அதைச் சொல்லத் தெரியாம உடம்பு சொல்லுது.

இதுக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச சாட்சி நார்வேல நடந்த ஒரு ஆய்வு, 2011ல வந்தது. அங்க 18 முதியோர் பராமரிப்பு இல்லங்கள்ல டிமென்ஷியாவோட பதட்டமும் ஆவேசமுமா இருந்த 352 பேரை எடுத்துகிட்டாங்க. ஒரு பகுதிக்கு வழக்கமான கவனிப்பு, இன்னொரு பகுதிக்கு அவங்க ஆவேசத்துக்குன்னு ஒண்ணும் புதுசா செய்யாம, வலி இருக்கலாம்னு வச்சுகிட்டு படிப்படியா வலிக்கு சிகிச்சை குடுத்தாங்க, நிறைய பேருக்கு வெறும் பாரசிட்டமால்தான். எட்டு வாரத்துல அவங்க ஆவேசம் 17 சதவீதம் குறைஞ்சது. யோசிச்சுப் பாருங்க, அவ்வளவு பேருக்கு வலிச்சிருக்கு, சொல்ல முடியல, அதை நாம கோபம்னு பேரு வச்சிருக்கோம். எங்க அப்பா சட்டை போட்டு விடும்போது மட்டும் கையை ஓங்குவாரு. அந்த ஆய்வைப் படிச்ச மறுநாள் அவரு கையை மெதுவா தூக்கிப் பாத்தேன், தோள் மட்டத்துக்கு மேல போகல, முகம் சுண்டிப்போச்சு. தோள்பட்டை இறுகியிருந்திருக்கு, எத்தனை மாசமோ. டாக்டர்கிட்ட காட்டினோம், முன்னாடி பட்டன் வச்ச தொளதொள சட்டைக்கு மாத்தினோம், வலிக்கற கையை முதல்ல நுழைச்சோம், அடி நின்னுபோச்சு. அத்தனை நாளா "அப்பாவுக்கு என் மேல ஏன் இவ்வளவு வெறுப்பு"ன்னு நான் அழுதுட்டு இருந்தேன்.

அதனால ஆரம்பிக்கறவங்களுக்கு நான் முதல்ல சொல்றது ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்க. டிமென்ஷியா பராமரிப்புல அமெரிக்க நிபுணர்கள் உருவாக்கின ஒரு முறை இருக்கு, நாலு படி, என்ன நடந்துச்சுன்னு விவரமா சொல்றது, ஏன்னு துப்பறியறது, அதுக்கு ஒரு வழி யோசிக்கறது, அந்த வழி வேலை செஞ்சுதான்னு பாக்கறது. கேக்க சாதாரணமா இருக்கும். ஆனா நாம எல்லாரும் முதல் படியைத் தாண்டி நேரா "ராத்திரி பூரா ரகளை"ன்னு முடிச்சிடறோம். ரகளைன்னு எழுதாதீங்க. எத்தனை மணி, முன்னாடி என்ன நடந்துச்சு, யாரு இருந்தாங்க, டிவில என்ன ஓடுச்சு, கடைசியா எப்ப சாப்பிட்டாரு, எப்ப வெளிக்குப் போனாருன்னு எழுதுங்க. ரெண்டு வாரம் எழுதினா உங்களுக்கே கண்ணுல படும். எங்க நோட்டுல ரெண்டு விஷயம் தெரிஞ்சது, ஒண்ணு சொந்தக்காரங்க வந்து கேள்வி கேட்ட நாள்லாம் மோசமான நாள், இன்னொண்ணு மத்த நாள்ல எல்லாம் பிரச்சனை சரியா மூணே முக்கால் மணிக்கு ஆரம்பிக்குது.

அந்த மூணே முக்காலுக்கு வர்றதுக்கு முன்னாடி கேள்வியைப் பத்தி சொல்லிடறேன். டாம் கிட்வுட்னு ஒருத்தர், இங்கிலாந்துல பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல இருந்தவரு, 1997ல டிமென்ஷியா பராமரிப்பைப் பத்தி அவரு எழுதின புத்தகம் இந்தத் துறையையே திருப்பிப் போட்டுச்சு. நோயாளியைப் பாக்காதீங்க, நோய் வந்த மனுஷனைப் பாருங்கங்கறதுதான் அவரு சொன்னது. கெட்ட எண்ணமே இல்லாத நல்ல மனுஷங்க தினமும் டிமென்ஷியா இருக்கறவங்களை எப்படியெல்லாம் சின்னவங்களாக்கறாங்கன்னு 17 விதம் பட்டியலே போட்டாரு. குழந்தை மாதிரி பேசறது, அவங்க பக்கத்துல இருக்கும்போதே இல்லாத மாதிரி அவங்களைப் பத்திப் பேசறது, அவங்களால பிடிக்க முடியாத வேகத்துல பேசறது, ஏமாத்தறது, திட்டறது இப்படி. படிச்சப்ப எங்க வீட்டு ஹால்ல உக்காந்து எழுதின மாதிரி இருந்துச்சு. "நான் யாரு சொல்லுங்க"ங்கறது பரீட்சை. பதில் தெரியாதுன்னு தெரிஞ்சே வைக்கற பரீட்சை. அதுல தோத்த விஷயம் அவருக்கு அஞ்சு நிமிஷத்துல மறந்துடும், ஆனா தோத்த உணர்ச்சி மறக்காது, அது சாயங்காலம் வரைக்கும் உடம்புல நிக்கும். இதை மட்டும் ஒருத்தர் புரிஞ்சுகிட்டாலே பாதி பராமரிப்பு கைக்கு வந்துடும்னு நான் நம்பறேன்.

கதை என்னன்னா ஒரு காலத்துல மருத்துவ உலகமே இந்தப் பரீட்சையைத்தான் சிகிச்சைன்னு நினைச்சிட்டு இருந்துச்சு. 1950கள் கடைசியில அமெரிக்காவுல நிஜத்தை நினைவூட்டறதுன்னு ஒரு முறை வந்துச்சு, இன்னிக்கு என்ன கிழமை, இது எந்த ஊரு, வெளிய மழையா வெயிலான்னு பலகையில எழுதி வச்சு திரும்பத் திரும்ப சொல்லித் தர்றது. ஆரம்ப நிலையில இருக்கறவங்களுக்கு மென்மையா செஞ்சா உதவுச்சு. ஆனா இயந்திரம் மாதிரி செஞ்சப்ப, நோய் முத்தினவங்ககிட்ட செஞ்சப்ப அது திருத்தறதாவும் மட்டம் தட்டறதாவும் ஆகிப்போச்சு. க்ளீவ்லாந்துல ஒரு முதியோர் இல்லத்துல வேலை பாத்த நவோமி ஃபைல், 1960கள்ல இதைப் பாத்துட்டு இது அவங்களை இன்னும் உள்ள ஒடுங்க வைக்குதுன்னு சொல்லி வேற பாதையில போனாங்க. அவங்க சொல்ற விஷயத்தைத் திருத்தாதீங்க, அதுக்குப் பின்னாடி இருக்கற உணர்ச்சியைப் பிடிச்சுக்குங்கன்னு சொன்னாங்க. ஆங்கிலத்துல வேலிடேஷன்னு பேரு, நான் அதை ஆமோதிக்கறதுன்னு எடுத்துக்கறேன். இந்த முறைக்கு ஆராய்ச்சி ஆதாரம் பலமா இல்ல, நடந்த சோதனைகள் சின்னது, முடிவும் தெளிவா இல்ல. அதையும் சொல்லித்தான் ஆகணும். ஆனாலும் வீட்ல ஒருத்தரோட 24 மணி நேரமும் இருக்கறவங்களுக்கு அந்த எண்ணம் ரொம்ப உதவும், எனக்கு உதவுச்சு.

இப்ப மூணே முக்கால். அப்பா கோயமுத்தூர்ல ஒரு ஸ்பின்னிங் மில்லுல முப்பத்தஞ்சு வருஷம் வேலை பாத்தவரு. நாலு மணி ஷிப்டு, அரைநைட்டுன்னு சொல்வாங்க. நோய் வந்ததுக்கப்புறம் மூணே முக்கால் ஆனா எந்திரிச்சு சட்டையைத் தேடுவாரு, டிபன் பாக்ஸ் எங்கம்பாரு, கதவைப் பிடிச்சு இழுப்பாரு. நாங்க என்ன சொல்வோம், "அப்பா நீங்க ரிட்டையர் ஆகி எத்தனை வருஷமாச்சு, அந்த மில்லே இப்ப இல்ல, இடிச்சு அபார்ட்மென்ட் கட்டிட்டாங்க". உண்மைதான். ஆனா அவருக்கு அது என்னவா கேக்கும், வேலை போச்சு, மில்லு போச்சு, பொண்ணு பொய் சொல்றா, ஷிப்டுக்கு நேரமாகுது. தினமும் புதுசா வேலை போறது. யோசிச்சுப் பாத்தா நாமளும் கதவைத்தான் இடிப்போம்.

நோட்டுல எழுத ஆரம்பிச்சதுக்கப்புறம் ஒரு நாள் வித்தியாசமா, "எந்த மெஷின் பாக்கறீங்கப்பா இப்ப?"ன்னு கேட்டேன். நின்னுட்டாரு. ரிங் ஃப்ரேம்ங்கறாரு, நூல் அறுந்தா எப்படி விரல்ல முறுக்கி ஒட்டணும்னு கையில காட்டறாரு, லேட்டா போனா அரைநாள் சம்பளம் பிடிச்சுக்குவாங்க கண்ணு, உனக்கு ஃபீஸ் கட்டணும்லங்கறாரு. அவ்வளவுதான் விஷயம். சம்பளம் போயிடும், பொண்ணுக்கு ஃபீஸ் கட்ட முடியாது, அந்த பயம். "ஃபீஸ் கட்டியாச்சுங்கப்பா, ரசீது இருக்கு"ன்னேன். கட்டினது நிஜம்தானே, 1989லயே கட்டியாச்சு. உக்காந்துட்டாரு.

இங்க பொய் சொல்லலாமாங்கற கேள்வி வரும், எல்லா குடும்பத்துலயும் வரும். செத்துப்போன அம்மாவைத் தேடறாங்கன்னா "அவங்க இறந்து நாப்பது வருஷம் ஆச்சு"ன்னு சொன்னா ஒவ்வொரு தடவையும் அது புது சாவு. அதுக்காக "அம்மா கடைக்குப் போயிருக்காங்க, வந்துடுவாங்க"ன்னு சொன்னா வாசலையே பாத்துட்டு உக்காந்திருப்பாங்க, சிலர் பொய்னு கண்டுபிடிச்சும் விடுவாங்க, அதோட நம்பிக்கை போயிடும். ரெண்டும் வேண்டாம்ங்கறது என் முடிவு. "அம்மா ஞாபகம் வந்துடுச்சா? அவங்க என்ன சமைச்சா உங்களுக்குப் பிடிக்கும்?"னு கேளுங்க. தேடறது அம்மாவை இல்ல, அம்மா இருக்கும்போது இருந்த அந்த பத்திரமான உணர்வை. "வீட்டுக்குப் போகணும்"னு சொந்த வீட்ல உக்காந்துகிட்டே கேக்கறாங்களே, அதுவும் இதேதான்.

சாயங்காலம் ஏன் கூடுதுங்கறதுக்கு காரணங்கள் இருக்கு, பகல் களைப்பு, வெளிச்சம் குறைஞ்சு நிழல் நீள்றது, மூளையோட உள்கடிகாரம் பழுதாகறது, ஸ்கூல் விட்டு புள்ளைங்க வந்து வீடு சத்தமாகறது. அதனால நாங்க என்ன பண்ணினோம்னா மூணு மணிக்கே டீ, பிஸ்கட், இருட்டறதுக்கு முன்னாடியே எல்லா லைட்டும், மூணரைக்கு அவரு கையில டிபன் பாக்ஸ் குடுத்து தெருமுனை வரைக்கும் ஒரு நடை. ஷிப்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி ஆயிடும். காலையில வெயில் படற மாதிரி கொஞ்ச நேரம் உக்கார வச்சா ராத்திரி தூக்கத்துக்கும் நல்லது. பகல்ல ரொம்ப நேரம் தூங்க விடறதில்ல.

பகல்ல என்னதான் செய்ய வைக்கறதுன்னு கேப்பீங்க, இதுதான் பெரிய விஷயம். சும்மா டிவி முன்னாடி உக்கார வைக்கறது பராமரிப்பு இல்லைங்க. கேமரன் கேம்ப்ங்கற அமெரிக்க உளவியலாளர் 1990கள்ல, குழந்தைங்க பள்ளிக்கூடத்துல இருக்கற மாண்டிசோரி முறையை டிமென்ஷியாவுக்கு மாத்தினாரு. புது விஷயத்தைப் பிடிச்சு வச்சுக்கற ஞாபகம் போயிருக்கும், ஆனா கை கத்துகிட்ட ஞாபகம் நிறைய நாள் நிக்கும், அதைப் பிடிச்சு வேலை குடுங்கங்கறது அதோட சாரம். சின்னச் சின்ன படியா, கண்ணுக்கு முன்னாடி செஞ்சு காட்டி, தப்பாவே ஆக முடியாத மாதிரி. நாங்க அப்பாவுக்கு மிஞ்சின கோன் நூல் ரெண்டு கலர் வாங்கி அட்டையில சுத்தக் குடுத்தோம். ஒரு மணி நேரம் சுத்துவாரு. ராத்திரி நான் அதைப் பிரிச்சு வச்சிடுவேன், காலையில திரும்ப. கருவேப்பிலை உருவறது, வெங்காயம் உரிக்கறது, துண்டு மடிக்கறது, பூ கட்டறது, அரிசியில கல்லு பொறுக்கறது, கோலப்பொடி, சில்லறைக் காசு பிரிக்கறது, நம்ம வீட்ல இல்லாத சாமானா? ஆனா ஒண்ணு, விளையாட்டு சாமான் குடுத்து கை தட்டாதீங்க. அவங்க செய்யறது வீட்டுக்கு உதவற வேலைன்னு அவங்களுக்குத் தோணணும், "இதை உரிச்சுக் குடுத்தா எனக்கு ஒத்தாசையா இருக்கும்மா"ன்னு கேட்டா மாட்டேன்னு சொல்றவங்க கம்மி. துண்டு கோணலா மடிச்சா கோணலாவே இருக்கட்டும், அவங்க முன்னாடி திருத்தி மடிக்காதீங்க.

இந்த மருந்தில்லாத வழிகள்லயே ஆதாரம் அதிகமா இருக்கற ஒண்ணைச் சொல்றேன். கக்னிட்டிவ் ஸ்டிமுலேஷன் தெரபி, சுருக்கமா சிஎஸ்டி, அறிவைத் தூண்டற குழுப் பயிற்சின்னு வச்சுக்குங்களேன். லண்டன்ல ஏமி ஸ்பெக்டரும் கூட இருந்தவங்களும் உருவாக்கி 2003ல 201 பேரை வச்சு சோதனை முடிவு வெளியிட்டாங்க. வாரம் ரெண்டு தடவை, 45 நிமிஷம், ஏழு வாரம், மொத்தம் 14 அமர்வு. லேசான, நடுத்தர நிலையில இருக்கறவங்களுக்கு. அறிவுத்திறன் சோதனையிலயும் வாழ்க்கைத் தரத்துலயும் முன்னேற்றம் தெரிஞ்சது, அதுவும் அப்ப இருந்த டிமென்ஷியா மாத்திரைகளோட ஒப்பிடற அளவுக்கு. ஒவ்வொரு அமர்வுக்கும் ஒரு தலைப்பு, சின்ன வயசு, சாப்பாடு, சத்தங்கள், காசு, வார்த்தை விளையாட்டு, நடப்புச் செய்தி இப்படி. நம்ம சென்னையில ஸ்கார்ஃப்ங்கற மனநல அமைப்பு இதைத் தமிழுக்கும் நம்ம ஊர் வழக்கத்துக்கும் ஏத்த மாதிரி மாத்தி நடத்தியிருக்காங்க, அவங்களுக்கு டெம்கேர்ஸ்னு முதியோர் மனநலத்துக்குன்னே ஒரு பிரிவு இருக்கு.

அந்த சிஎஸ்டியோட உயிர்நாடி என்ன தெரியுங்களா, தகவல் கேக்காதே, கருத்து கேளுங்கறதுதான். "இந்த போட்டோல இருக்கறது யாரு"ன்னு கேட்டா தெரியும் இல்ல தெரியாது, ரெண்டே பதில். ரெண்டு பழைய நடிகருங்க படத்தை வச்சு "இவங்கள்ல உங்களுக்கு யாரைப் பிடிக்கும்?"னு கேட்டா தப்பான பதிலே கிடையாது. ஞாபகம் அதுவா கிளம்பி வரும், வரலைன்னாலும் யாரும் தோக்கல. இதைக் கத்துகிட்டு வீட்ல செஞ்சது எனக்கு எல்லாத்தையும்விட பலன் குடுத்துச்சு. "காலையில என்ன சாப்பிட்டீங்க?" கிடையாது, "இட்லிக்கு சட்னி நல்லாருக்குமா சாம்பாரா?" இப்படி. அப்பா சட்னிக்கு அரைமணி நேரம் வாதாடுவாரு.

பழைய நினைவைப் பேச வைக்கறது இன்னொரு வழி. ராபர்ட் பட்லர்ங்கற அமெரிக்க மனநல மருத்துவர் 1963லயே எழுதினாரு, வயசானவங்க பழசைப் பேசறது புலம்பல் இல்ல, வாழ்க்கையைத் திரும்பிப் பாத்து ஒழுங்குபடுத்தறதுன்னு. கல்யாண போட்டோ, பழைய ரேஷன் கார்டு, மண்ணெண்ணெய் ஸ்டவ்வு, எதையாச்சும் கையில குடுத்துட்டு பேச விடுங்க. பாட்டும் அப்படித்தான், பதினஞ்சு வயசுல இருந்து முப்பது வயசுக்குள்ள கேட்ட பாட்டு கடைசி வரைக்கும் நிக்கும், பேச்சு போனவங்க பாட்டு வரி பாடறதை நான் கண்ணால பாத்திருக்கேன். அறுபதுகள்ல இலங்கை வானொலி கேட்டு வளந்தவருக்கு நீங்க உங்களுக்குப் பிடிச்ச பாட்டைப் போட்டா வேலைக்காகாது. விளம்பரம் குறுக்க வராத மாதிரி போடுங்க.

வீட்டைப் பத்தி சுருக்கமா. கறுப்பு மிதியடி அவங்களுக்குக் குழி மாதிரி தெரியலாம், தாண்ட பயப்படுவாங்க, எடுத்துடுங்க. கண்ணாடியில தெரியற தன் முகத்தை யாரோ அந்நியன்னு நினைச்சா துணி போட்டு மூடுங்க. பாத்ரூம் கதவுல பெரிசா படமும் எழுத்தும் ஒட்டுங்க, ராத்திரி அங்க லைட் எரியட்டும். வெள்ளைத் தட்டுல வெள்ளைச் சோறும் தயிரும் போட்டா சோறு எங்க இருக்குன்னே தெரியாது, பாஸ்டன்ல நோய் முத்தின ஒரு ஒன்பது பேரை வச்சு செஞ்ச சின்ன ஆய்வுல பளிச்சுனு கலர் தட்டுல குடுத்தப்ப சாப்பாடு 25 சதவீதம் கூடப் போச்சு. நம்ம வாழை இலைக்கு அந்தக் கவலையே இல்ல. மூக்குக் கண்ணாடி துடைச்சிருக்கான்னும் காதுல அழுக்கு அடைச்சிருக்கான்னும் பாருங்க, காது கேக்காததையே பல வீட்ல மறதி முத்திடுச்சுன்னு நினைச்சுட்டு இருக்காங்க. வெளிய போயி வழி தவறறவங்களுக்கு சட்டைப் பையில பேரும் ஃபோன் நம்பரும் தைச்சு வைங்க.

குளிப்பாட்டறது தனி சண்டை. வயசான மனுஷன், பொண்ணு முன்னாடி துணியைக் கழட்டணும், தலையில திடீர்னு தண்ணி விழும், குளிரும், ஏன்னு தெரியாது. அடிக்காம என்ன பண்ணுவாரு. அமெரிக்காவுல 2004ல வந்த ஒரு ஆய்வுல முதியோர் இல்லங்கள்ல குளிக்கற முறையை அந்தந்த மனுஷனுக்குத் தகுந்த மாதிரி மாத்தினப்பவும், படுக்கையிலயே போர்த்தின மாதிரி வெதுவெதுப்பான ஈரத் துண்டால துடைச்சு விட்டப்பவும் அடிதடி பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு. தினம் குளிச்சே ஆகணும்னு சட்டம் இல்ல. எங்க வீட்ல ஷவர் பக்கமே போறதில்ல, முக்காலி, வாளி, வெந்நீர், மடியில ஒரு துண்டு போத்தி முதல்ல கால்ல ஊத்தி, அப்புறம் கை, சொம்பை அவரு கையிலயே குடுத்துடறது, தலைக்கு கடைசியா. என் வீட்டுக்காரர்தான் குளிப்பாட்டறாரு, ஆம்பளைக்கு ஆம்பளைன்னா அப்பாவுக்குக் கூச்சம் இல்ல.

இதெல்லாம் செய்யற ஆளைப் பத்தி யாரும் பேசறதில்லைங்க. பெரும்பாலும் ஒரு பொண்ணு, மருமகளோ மகளோ மனைவியோ, ராத்திரி தூக்கம் இல்லாம. அவங்களுக்குக் குடுக்கற உதவியும் மருந்தில்லாத சிகிச்சையில ஒரு பகுதிதான், இது நான் ஆறுதலுக்கு சொல்றது இல்ல. கோவாவுல 81 குடும்பங்களை வச்சு ஒரு ஆய்வு நடந்துச்சு, 2008ல முடிவு வந்தது. உள்ளூர் பெண்களுக்கு சின்ன பயிற்சி குடுத்து வீட்டுக்கே அனுப்பினாங்க, நோயைப் பத்தி விளக்கறது, நடத்தையை எப்படி சமாளிக்கறதுன்னு சொல்றது, கூட உக்காந்து கேக்கறது, அவ்வளவுதான். ஆறு மாசத்துல பாத்துக்கறவங்களோட மனநிலை தெளிவா மேம்பட்டுச்சு. பெரிய ஆஸ்பத்திரி தேவைப்படல. அதனால கூடப் பிறந்தவங்க ஃபோன் பண்ணி "அப்பா எப்படி இருக்காரு"ன்னு கேக்கறதோட நிறுத்தாம, மாசம் ரெண்டு நாள் வந்து பாத்துக்குங்கன்னு நேரடியா கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்ல. மத்திய அரசோட முதியோர் உதவி எண் 14567 இருக்கு, தமிழ்லயே பேசலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் மறக்காதீங்க. நேத்து வரைக்கும் சுமாரா இருந்தவங்க ஒண்ணு ரெண்டு நாள்ல திடீர்னு ரொம்ப குழம்பிட்டாங்க, பகல்லயே மயங்கி மயங்கி தூங்கறாங்க, இல்லாததைப் பாக்கறாங்கன்னா அது டிமென்ஷியா முத்தினது இல்ல, உடம்புல வேற ஏதோ நடக்குது. மூத்திரத்துல கிருமி, மலச்சிக்கல், தண்ணி குடிக்காதது, காய்ச்சல், புதுசா ஆரம்பிச்ச மாத்திரை எதுவா வேணா இருக்கலாம். அன்னிக்கு பாட்டும் நூலும் வேலைக்கு ஆகாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

போன மாசம் தம்பி திருப்பூர்ல இருந்து வந்து நாலு நாள் அப்பாவைப் பாத்துகிட்டான். அவன்கிட்ட விட்டுட்டு நான் கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல பெரிய எழுத்துல எழுதி கதவுக்கு உள்பக்கம் ஒட்டிட்டுப் போனேன், இப்ப அது அங்கயே இருக்கு, வர்றவங்க எல்லாரும் படிக்கறாங்க. "டீக்கு சர்க்கரை ஒண்ணரை ஸ்பூன். இடது தோள் வலிக்கும், அந்தக் கையை முதல்ல நுழைக்கணும். முன்னாடி வந்து நின்னு பேசணும், பின்னாடி இருந்து கூப்பிடக் கூடாது. மூணரைக்கு டிபன் பாக்ஸ், தெருமுனை. ஃபீஸ் கேட்டா கட்டியாச்சுன்னு சொல்லணும். நீங்க யாருன்னு அவரைக் கேக்க வேண்டாம், உங்க பேரையும் என்ன சொந்தம்னும் நீங்களே சொல்லிட்டு பக்கத்துல உக்காருங்க."